பழைய பிக்கப்புக்கு நாமே வயரிங் செட் கட்டுவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எங்கள் வீட்டில் 1993 மாடல் டாடா மொபைல் 206 பிக்கப் ஒன்று இருக்கிறது. பொள்ளாச்சி பக்கம் தேங்காய் லோடு அடித்த வண்டி. ஒரு மழை இரவில் ஆழியாறிலிருந்து வால்பாறை ஏறும் பாதையில், அந்த 40 கொண்டை ஊசி வளைவுகளுக்கு நடுவே, இரண்டு ஹெட்லைட்டும் ஒரே நொடியில் அணைந்தன. அப்பா ஓட்டிக்கொண்டிருந்தார், நான் பக்கத்தில் இருந்தேன். அடுத்த மாதமே வயரிங் மொத்தத்தையும் கழற்றிப் புதிதாகக் கட்டினேன். அதன்பிறகு பழைய வண்டி வைத்திருக்கும் பலர் ஒரே சந்தேகங்களோடு கூப்பிடுகிறார்கள். அவர்கள் கேட்டபடியே கேள்விகளைத் தொகுத்திருக்கிறேன்.

1. முழு வயரிங்கையும் மாத்தணுமா? கெட்டுப்போன இடத்தை மட்டும் ஒட்டினா போதாதா?

ஒரே ஒரு இடத்தில் எலி கடித்திருந்தால், மற்ற இடமெல்லாம் நன்றாக இருந்தால், ஒட்டினால் போதும். சந்தேகம் இருந்தால் டேப்பை மூன்று இடங்களில் பிரித்துப் பாருங்கள்: ரேடியேட்டருக்குப் பின்னால், ஃபயர்வால் (இன்ஜினுக்கும் கேபினுக்கும் நடுவிலுள்ள தகடு) ஓட்டைக்குப் பக்கத்தில், டெயில் லைட்டுக்குப் போகும் சேஸிஸ் ஓரத்தில். வயரை வளைத்தால் மேலுறை விரிசல் விடுகிறதா, உறையைச் சீவினால் உள்ளே காப்பர் கறுத்திருக்கிறதா என்று கவனியுங்கள்.

மூன்றில் இரண்டு இடத்தில் அப்படி இருந்தால் ஒட்டுவது வீண். கறுத்த காப்பரில் போடும் எந்த ஒட்டும் நிற்காது. என் வண்டியில் 31 ஒட்டுகள் எண்ணினேன். ஒவ்வொன்றும் யாரோ ஒருவர் அவசரத்துக்கு நல்ல மனதோடு போட்டதுதான். மொத்தமாகச் சேர்ந்தபோதுதான் மலையில் விளக்கு அணைந்தது.

2. நான் எலக்ட்ரீசியன் இல்லைங்க. என்னால முடியுமா? எத்தனை நாள் ஆகும்?

முடியும். கம்ப்யூட்டர் இல்லாத டீசல் வண்டியில் மொத்தமே பதினைந்து, பதினாறு சர்க்யூட்தான். ஒவ்வொன்றும் பேட்டரி, ஃபியூஸ், சுவிட்ச், பல்பு, எர்த் (கரண்ட் பாடி வழியாகப் பேட்டரிக்குத் திரும்பும் பாதை) என்ற ஒரே சங்கிலி. வாட்டை வோல்ட்டால் வகுத்தால் ஆம்பியர். இந்த ஒரு கணக்கு தெரிந்தால் போதும்.

எனக்கு மாலை நேரங்களில் மட்டும் வேலை செய்து மூன்று வாரம் பிடித்தது. அதில் முதல் வாரம் ஒரு வயரைக்கூட வெட்டவில்லை, வரைந்துகொண்டிருந்தேன். அந்த வாரத்தைக் குறைக்க நினைக்காதீர்கள்.

3. ரெடிமேட் செட் கிடைக்குதே, அதையே வாங்கிப் போட்டா?

உங்கள் மாடலுக்கே உரியது, நல்ல தயாரிப்பு, கையில் எடுத்துப் பார்த்து வாங்க முடியும் என்றால் வாங்குங்கள். சென்னை புதுப்பேட்டை, ஜெனரல் பேட்டர்ஸ் சாலைக் கடைகளில் தேடினால் ஓடுகிற மாடல்களுக்குக் கிடைக்கும். பழைய வண்டிகளில் சிக்கல் வேறு: இடையில் பேட்டரியைச் சார்ஜ் செய்யும் டைனமோ போய் ஆல்டர்நேட்டர் வந்திருக்கும், ஃபியூஸ் பாக்ஸ் மாறியிருக்கும், சுவிட்ச் வேறு மாடலுடையதாக இருக்கும். கம்பெனி செட்டை மாட்டினாலும் பாதி முனைகள் பொருந்தாது. மறுபடியும் ஒட்டு, மறுபடியும் டேப்.

4. எங்கிருந்து ஆரம்பிக்கணும்? பழைய வயரை வெட்டி எடுத்துடலாமா?

வெட்டவே கூடாது. முதலில் பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றுங்கள். பிறகு ஒவ்வொரு முனையையும் கழற்றும்போதே காகித டேப் சுற்றி, அது எங்கிருந்து வந்தது என்று பேனாவால் எழுதுங்கள். "ஹெட்லைட் இடது, டிம்" என்று முழுதாக எழுதுங்கள். "ஹெ.இ.டி." என்று எழுதினால் ஒரு வாரம் கழித்து உங்களுக்கே புரியாது. கழற்றும் முன் போன் கேமராவில் நிறையப் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

பழைய செட் முழுதாக வெளியே வந்ததும் ஒரு பிளைவுட் பலகையில் விரித்து, கிளை பிரியும் ஒவ்வொரு இடத்திலும் இரண்டு ஆணி அடியுங்கள். பூ கட்டுகிறவர் நாரை நீட்டிப் பிடிப்பது போல, புது வயரை அந்த ஆணிகளுக்கு நடுவே நீட்டிப் போடலாம். தொழிற்சாலையிலும் இதே பலகை முறைதான். ஒவ்வொரு கிளைக்கும் ஒரு சாண் கூடுதலாக விடுங்கள். நீளமான வயரைக் குறைக்கலாம், குட்டையான வயரை ஒன்றும் செய்ய முடியாது.

பலகையோடு ஒரு வரைபடமும் வேண்டும். ஒரு பெரிய தாளில் ஒவ்வொரு சர்க்யூட்டையும் ஒரு கோடாகப் போட்டு, பக்கத்தில் வாட், ஆம்பியர், வயர் தடிமன், ஃபியூஸ், நிறம் ஐந்தையும் எழுதுங்கள். கடைக்குப் போகும்போது அந்தத் தாள் கையில் இருக்கட்டும்.

5. எந்த லைட்டுக்கு எவ்வளவு தடிமன் வயர்? கடைக்காரர் '28 பை 30'னு ஏதோ சொல்றார், புரியல.

அது 28/0.30. உள்ளே 0.30 மி.மீ. விட்டமுள்ள 28 இழைகள் என்று பொருள். கூட்டினால் சுமார் 2 சதுர மி.மீ. அதேபோல் 14/0.30 என்பது 1 சதுர மி.மீ., 44/0.30 என்பது 3, 84/0.30 என்பது 6. மேலுறையின் தடிமனைப் பார்த்து ஏமாறாதீர்கள், இழையை எண்ணுங்கள்.

தடிமனை முடிவு செய்வது இரண்டு விஷயம்: வயர் சூடாகக் கூடாது, வழியில் வோல்ட் தொலையக் கூடாது. பழைய வண்டியில் இரண்டாவதுதான் அதிகம் வதைக்கும். 60/55 வாட் (பிரைட் 60, டிம் 55) ஹாலஜன் பல்பு இரண்டும் பிரைட்டில் 120 வாட், அதாவது 12 வோல்ட்டில் 10 ஆம்பியர். ஒரு மீட்டர் நீள, 1 சதுர மி.மீ. காப்பருக்கு ரெசிஸ்டன்ஸ் சுமார் 0.0175 ஓம். டேஷ்போர்டு சுவிட்ச் வழியாகச் சுற்றி 5 மீட்டர் போனால், 1 சதுர மி.மீ. வயரில் 0.87 வோல்ட் தொலைந்துவிடும். 2.5 சதுர மி.மீ. போட்டால் 0.35 வோல்ட்தான். ஹாலஜனில் வோல்ட் 10 சதவீதம் குறைந்தால் வெளிச்சம் ஏறக்குறைய 30 சதவீதம் குறையும். "பழைய வண்டி லைட் மங்கல்தான்" என்று பலர் சொல்வது பெரும்பாலும் வயரின் மங்கல்.

என் கணக்கு இது. பார்க்கிங், டேஷ் விளக்கு, மீட்டர் சென்சார்களுக்கு 1 சதுர மி.மீ. இண்டிகேட்டர், பிரேக் லைட்டுக்கு (21 வாட் பல்பு ஒன்றுக்கு 1.75 ஆம்பியர்) 1 அல்லது 1.5. ஹெட்லைட் பல்புக்குள் எரியும் ஒவ்வொரு இழைக்கும் (ஃபிலமென்ட்) தனியாக 1.5. வைப்பர், ஹாரனுக்கு 2 முதல் 2.5. ஃபியூஸ் பாக்ஸுக்கு வரும் தாய் வயர் 6க்குக் குறையக் கூடாது.

6. வீட்டு வயரிங் செஞ்சது மீதி இருக்கு. அதைப் போட்டா என்ன?

போடாதீர்கள். இரண்டிலும் காப்பர்தான், ஆனால் வீட்டு வயர் சுவருக்குள் அசையாமல் படுத்துக் கிடக்கச் செய்தது. வண்டி வயர் ஆயிரம் மணி நேரம் அதிர வேண்டும், இன்ஜின் சூட்டில் கிடக்க வேண்டும், டீசலும் ஆயிலும் பட வேண்டும். வாகன வயருக்கென்றே ஐ.எஸ். 2465 என்று தனி இந்தியத் தரம் இருக்கிறது. அந்த எண் உறையில் அச்சிட்ட வயரைக் கேட்டு வாங்குங்கள். ஒரு முனையைச் சீவிப் பாருங்கள், காப்பர் பூச்சு போட்ட அலுமினியமும் சந்தையில் சுற்றுகிறது. கத்தியால் சுரண்டினால் உள்ளே வெள்ளை தெரியும்.

7. ஃபியூஸ் அடிக்கடி போகுது. எல்லாத்துக்கும் 30 ஆம்பியர் போட்டுட்டா தொல்லை விட்டுதே?

ஃபியூஸ் பல்பைக் காப்பாற்ற இல்லை, வயரைக் காப்பாற்ற. 1 சதுர மி.மீ. வயருக்கு 30 ஆம்பியர் ஃபியூஸ் போட்டால், ஷார்ட் ஆகும்போது முதலில் உருகுவது வயர். அது டீசல் பைப்புக்குப் பக்கத்தில் ஓடுகிறது. தயவுசெய்து இதை மட்டும் செய்யாதீர்கள்.

சர்க்யூட்டின் ஆம்பியரை ஒன்றரையால் பெருக்கி, அதற்கு அடுத்த அளவு ஃபியூஸ். பிளேடு ஃபியூஸில் 10 சிவப்பு, 15 நீலம், 20 மஞ்சள், 30 பச்சை. பழைய பீங்கான் ஃபியூஸில் நிறமே வேறு: 5 மஞ்சள், 8 வெள்ளை, 16 சிவப்பு, 25 நீலம். இரண்டையும் குழப்பினால் ஆபத்து. புதிதாகக் கட்டுகிறவர் பீங்கானை விட்டுவிட்டு பிளேடு பாக்ஸுக்கே போய்விடலாம். பீங்கானின் பிடிப்புத் தகடு துருப்பிடித்துச் சூடாகும்.

ஹெட்லைட்டுக்கு நான்கு ஃபியூஸ் வையுங்கள்: இடது டிம், வலது டிம், இடது பிரைட், வலது பிரைட், ஒவ்வொன்றும் 10 ஆம்பியர் (இழைக்கு ஏறக்குறைய 5 ஆம்பியர்தான் ஓடும்). ஒன்று போனாலும் மற்றது எரியும். எங்கள் வண்டியில் ஒரே ஃபியூஸ் இருந்தது. மலைப்பாதையில் என்ன நடந்தது என்று முன்னுரையிலேயே சொன்னேன்.

8. ரிலே கட்டாயமா? அதுல இருக்கிற 30, 85, 86, 87 எல்லாம் என்ன?

ரிலே என்பது சிறு கரண்டால் பெரிய கரண்டைப் போட்டு நிறுத்தும் சுவிட்ச். ஹெட்லைட், ஹாரன், ஹீட்டர் பிளக் (டீசல் இன்ஜினைக் கிளப்பும் முன் சூடாக்குவது) மூன்றுக்கும் கட்டாயம் என்பேன். ரிலே காயிலுக்கு 0.2 ஆம்பியர் அளவுதான் வேண்டும். 10 ஆம்பியரைத் தாங்கிக் கருகிய பழைய லைட் சுவிட்ச் அதற்குப் பிறகு நிம்மதியாக இருக்கும். வயரும் சுருங்கும், ஏனென்றால் பெரிய கரண்ட் டேஷ்போர்டு வரை வந்து திரும்ப வேண்டியதில்லை.

அந்த எண்கள் ஜெர்மன் தரத்தில் வந்தவை, நம் ஊர் ரிலேக்களிலும் அதேதான். 30 பேட்டரியிலிருந்து ஃபியூஸ் வழியாக, 87 பல்புக்கு, 86 சுவிட்சிலிருந்து, 85 எர்த்துக்கு. ஐந்து பின் ரிலேயில் நடுவில் 87ஏ இருக்கும். ரிலே ஓய்வில் இருக்கும்போது கரண்ட் வருவது அதில்தான். தெரியாமல் அதில் மாட்டினால் சாவியை எடுத்த பிறகும் விளக்கு எரியும். சுவிட்சுகளின் பின்னாலும் இந்த வரிசை எண்களைப் பார்ப்பீர்கள்: 15 சாவி போட்டபின் வரும் கரண்ட், 31 எர்த், 50 செல்ஃப், 56ஏ பிரைட், 56பி டிம், 58 பார்க்கிங், 49ஏ ஃபிளாஷரிலிருந்து (விளக்கை விட்டுவிட்டு எரியவைக்கும் பாகம்) இண்டிகேட்டருக்கு, 54 பிரேக் லைட்.

9. சிவப்பு, கறுப்பு ரெண்டு சுருள் வாங்கிட்டா வேலை முடிஞ்சுதே. கலர் கலரா எதுக்கு?

கட்டும்போது முடியும். மூன்று வருடம் கழித்து, பல்லடம் ரோட்டு ஓரத்தில், போன் டார்ச் வெளிச்சத்தில் தேடும்போதுதான் தெரியும். பழைய வயரில் எந்த நிற ஒழுங்கு இருக்கிறதோ அதையே தொடருங்கள். எதுவும் மிஞ்சவில்லை என்றால் பிரிட்டிஷ் லூகாஸ் முறையைச் சொல்வேன், பழைய மெக்கானிக்குகளுக்கு அது பழக்கம்: பழுப்பு நேரடி பேட்டரி, வெள்ளை சாவி கரண்ட், பச்சை சாவிக்குப் பின் ஃபியூஸ் தாண்டியது, நீலம் ஹெட்லைட் (வெள்ளைக் கோடு பிரைட், சிவப்புக் கோடு டிம்), சிவப்பு பார்க்கிங், கறுப்பு எர்த். ஜெர்மன் முறையில் எர்த்துக்குத்தான் பழுப்பு. ஒரே வண்டியில் இரண்டு முறையையும் கலந்துவிடாதீர்கள்.

10. டெர்மினலை அமுக்குறதா, ஈயம் வைக்கிறதா? ஈயம்தானே ஸ்ட்ராங்?

வண்டியில் இல்லை. ஈயம் இழைகளுக்குள் ஏறி வயரின் அந்தப் பகுதியைக் கம்பி போல விறைப்பாக்கிவிடும். அதிர்வு முழுவதும் விறைப்பு முடியும் இடத்தில் விழும், ஒருநாள் அங்கே பட்டென்று ஒடியும். வெளியே உறை நன்றாகத் தெரியும், உள்ளே ஒடிந்திருக்கும், கண்டுபிடிக்க அரை நாள்.

ராட்செட் கிரிம்பிங் பிளையர் வாங்குங்கள். இந்த வேலையில் பணம் தாராளமாகச் செலவழிக்க வேண்டியது அதற்குத்தான். டெர்மினலில் இரண்டு ஜோடிச் சிறகுகள் இருக்கும்: முன்னது காப்பரைப் பிடிக்க, பின்னது உறையைப் பிடிக்க. இரண்டும் பிடித்த பிறகு கையால் நன்றாக இழுத்துப் பாருங்கள். வந்துவிட்டால் நல்லது, இப்போதே வந்ததே. சாதாரண கட்டிங் பிளையரால் நசுக்கியது மூன்று மாதம் தாங்கும், பிறகு சூடாகும்.

11. எர்த்துக்கு எதுக்கு வயர்? பாடியே இரும்புதானே?

இரும்புதான், ஆனால் மேலே பெயின்ட், உள்ளே துரு, நடுவே ரப்பர் புஷ். பிக்கப்பில் லோடு பாடி தனி, கேபின் தனி, இன்ஜின் ரப்பர் மவுண்ட் மேல். மூன்றையும் சேஸிஸோடு வயரால் இணைத்தால்தான் எர்த். இன்ஜினுக்கும் சேஸிஸுக்கும் இடையிலான பட்டை அறுந்த வண்டியில் செல்ஃப் அடித்தால், அந்த 200 ஆம்பியருக்கு மேலான கரண்ட் ஆக்ஸிலரேட்டர் கேபிள் வழியாகத் திரும்பப் பார்க்கும். கேபிள் சூடாகி உள்ளே ஒட்டிக்கொண்ட வண்டியை நானே பார்த்திருக்கிறேன்.

முன்னால் ஒன்று, டேஷுக்குப் பின்னால் ஒன்று, பின்னால் ஒன்று என மூன்று எர்த் போல்ட் வையுங்கள். பெயின்ட்டைச் சுரண்டி, பல் வாஷர் போட்டு இறுக்கி, மேலே கிரீஸ் தடவுங்கள். ஒவ்வொரு விளக்கிலிருந்தும் கறுப்பு வயர் அந்த போல்ட்டுக்கு வரட்டும். சோதிக்க மல்டிமீட்டரின் ஒரு முனையைப் பேட்டரி நெகட்டிவிலும் மறுமுனையை எரிகிற பல்பின் எர்த் பின்னிலும் வையுங்கள். 0.2 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் சரியில்லை.

12. மேலே என்ன சுத்தணும்? எலி கடிக்காம இருக்க வழி உண்டா?

இன்ஜின் பக்கம் நெளி பிளாஸ்டிக் ஸ்லீவ், கேபினுக்குள் துணி டேப். சாதாரண பி.வி.சி. டேப்பின் பசை வெயிலில் இளகிக் கை முழுக்க ஒட்டும், முனைகளைக் கட்ட மட்டும் அது போதும். தகட்டு ஓட்டை எதுவானாலும் ரப்பர் குரோமெட் (ஓட்டையின் விளிம்பில் மாட்டும் வளையம்) இல்லாமல் வயரை நுழைக்காதீர்கள்.

எலிக்கு முழுத் தீர்வு கிடையாது. வண்டியைத் தேங்காய் மட்டைக் குவியலுக்குப் பக்கத்தில் நிறுத்தாமல் இருப்பதுதான் எனக்குப் பலன் தந்தது.

13. ஹீட்டர் பிளக், செல்ஃப், ஆல்டர்நேட்டர் வயர்களும் இந்தச் செட்டுக்குள்ளேயே வருமா?

வராது. இவை மூன்றும் தனிப் பாதை. செல்ஃப் கேபிள் 35 சதுர மி.மீ. அல்லது அதற்கு மேல், முடிந்தவரை குட்டையாக, ஃபியூஸ் இல்லாமல். ஃபியூஸ் இல்லாததால்தான் அதன் பாதையில் உரசல் இருக்கவே கூடாது.

ஆல்டர்நேட்டரிலிருந்து பேட்டரிக்கு வரும் வயர் 10 சதுர மி.மீ., நடுவே, பேட்டரிக்குப் பக்கத்தில், 60 ஆம்பியர் பட்டை ஃபியூஸ். நான்கு ஹீட்டர் பிளக்கும் சேர்ந்து 40, 50 ஆம்பியர் இழுக்கும், அதனால் அதற்கென்றே உள்ள பெரிய ரிலேயும் 10 சதுர மி.மீ. வயரும். சாதாரண 30 ஆம்பியர் ரிலேயைப் போட்டால் ஒரு குளிர்காலத்தில் உள்ளே ஒட்டிக்கொள்ளும்.

14. எல்லாம் கட்டியாச்சு. பேட்டரியை மாட்ட பயமா இருக்கு.

பயம் சரிதான், அதற்கு ஒரு வழி இருக்கிறது. எல்லா ஃபியூஸையும் கழற்றுங்கள். பேட்டரி பாசிட்டிவுக்கும் ஃபியூஸ் பாக்ஸின் தாய் வயருக்கும் நடுவே ஒரு 21 வாட் இண்டிகேட்டர் பல்பை மாட்டுங்கள், வேறு இணைப்பு வேண்டாம். நெகட்டிவைக் கடைசியாக மாட்டுங்கள். எல்லா சுவிட்சும் அணைந்த நிலையில், ஃபியூஸை ஒவ்வொன்றாகச் சொருகுங்கள். எந்த ஃபியூஸில் பல்பு பளீரென்று எரிகிறதோ அந்த வயர் எங்கோ பாடியில் தொடுகிறது. பல்பு இருப்பதால் 2 ஆம்பியருக்கு மேல் போக முடியாது, எதுவும் கருகாது.

எல்லாம் அமைதியாக இருந்தால் பல்பை எடுத்துவிட்டு நேரடியாக மாட்டலாம். என் வண்டியில் ஓர் இடத்தில் வயரின் ஒரு இழை பாடியைத் தொட்டுக்கொண்டிருந்தது. ஐந்து நிமிடத்தில் கிடைத்தது.

15. 100/90 பல்பு போடலாமா? இல்ல, எல்லாத்தையும் எல்.இ.டி.யா மாத்திடலாமா?

100/90 வேண்டாம். சாலைக்கு 60/55தான், எஃப்.சி.க்கு (தகுதிச் சான்று) போகும்போதும் அது கேள்வியாகும். அதோடு பிரைட்டில் இரண்டுக்கும் சேர்த்து 16 ஆம்பியருக்கு மேல் ஓடும், ரிஃப்ளெக்டர் வெந்து மங்கும். 5ஆம் கேள்வியில் சொன்ன வோல்ட்டை மீட்டுக்கொடுத்தாலே 60/55 போதிய வெளிச்சம் தரும்.

பார்க்கிங், டேஷ் விளக்குக்கு எல்.இ.டி. தாராளமாகப் போடலாம். இரண்டு இடத்தில் கவனம். இண்டிகேட்டரில் போட்டால் பழைய ஃபிளாஷர் கரண்ட் போதாமல் வேகமாக அடிக்கும் அல்லது அடிக்கவே அடிக்காது, எலக்ட்ரானிக் ஃபிளாஷர் மாற்ற வேண்டும். டேஷில் இருக்கும் சார்ஜிங் விளக்கு வெறும் விளக்கு இல்லை, அதன் வழியாகப் போகும் கரண்ட்தான் ஆல்டர்நேட்டரை எழுப்புகிறது. அதை எல்.இ.டி. ஆக்கினால் வண்டி ஓடும், சார்ஜ் ஏறாது. அங்கே பழைய இழை பல்பே இருக்கட்டும்.

16. பிரேக் மிதிச்சா பின்னாடி இண்டிகேட்டரும் மங்கலா எரியுது. வயரை மாத்தி மாட்டிட்டேனா?

மாற்றி மாட்டியிருந்தால் முழு வெளிச்சத்தில் எரியும். மங்கலாக எரிந்தால் அந்த டெயில் லைட்டின் எர்த் போய்விட்டது. பிரேக் இழைக்கு வந்த கரண்ட் திரும்ப வழியில்லாமல் பக்கத்து இண்டிகேட்டர் இழைக்குள் நுழைந்து, முன் இண்டிகேட்டர் வழியாக எர்த் தேடுகிறது. அந்த விளக்கின் எர்த் பின்னிலிருந்து பேட்டரி நெகட்டிவுக்கு ஒரு தற்காலிக வயர் நீட்டிப் பாருங்கள். சரியானால் 11ஆம் பதிலுக்குத் திரும்புங்கள்.

17. புது வயரிங், புது பேட்டரி. ஆனாலும் நாலு நாள் நிறுத்தினா செல்ஃப் எடுக்கல.

சாவியை எடுத்துவிட்டு, நெகட்டிவ் கேபிளைக் கழற்றி, கேபிளுக்கும் பேட்டரி முனைக்கும் நடுவே மல்டிமீட்டரை 10 ஆம்பியர் நிலையில் வையுங்கள். மீட்டர் மாட்டியிருக்கும்போது செல்ஃபையோ ஹீட்டரையோ தொடாதீர்கள். 0.05 ஆம்பியருக்குக் கீழே இருந்தால் கவலையில்லை. 0.5 ஆம்பியர் என்றால் ஒரு நாளைக்கு 12 ஆம்பியர்-அவர் போகிறது, 75 ஆம்பியர்-அவர் பேட்டரி நான்கு நாளில் பாதிக்கு மேல் காலி.

ஃபியூஸை ஒவ்வொன்றாக எடுங்கள். எதை எடுத்ததும் மீட்டர் விழுகிறதோ அந்த சர்க்யூட்டில் தேடுங்கள். எல்லாவற்றையும் எடுத்தும் விழவில்லை என்றால் குற்றவாளி ஃபியூஸ் பாக்ஸுக்கு வெளியே இருக்கிறது, அதாவது 13ஆம் பதிலில் தனிப் பாதை என்று சொன்ன மூன்றில் ஒன்று. உடுமலைப்பேட்டை நண்பர் ஒருவரின் வண்டியில் அப்படித்தான் 0.6 அசையாமல் நின்றது. பேட்டரி இணைப்பை எடுத்துவிட்டு, ஆல்டர்நேட்டரின் தடிமன் வயரைக் கழற்றி, நுனியில் டேப் சுற்றி, மீட்டரை மறுபடி மாட்டினோம். பூஜ்ஜியம். ஆல்டர்நேட்டருக்குள் ஒரு டயோட் (கரண்டை ஒரு திசையில் மட்டும் விட வேண்டிய பாகம்) ஒழுகிக்கொண்டிருந்தது. டயோட் பிளேட்டை மாற்றினார், புது வயரிங்கில் ஒரு முனையைக்கூடத் தொடவில்லை.